இராஜமலை: இரண்டு மாதம் கதவடைக்கும் மலைத்தோட்டம்

இராஜமலை என்பது கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே அமைந்துள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி ஆகும். பூங்காவின் மொத்தப் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதில் பொதுச் சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்பட்டிருப்பது இராஜமலைச் சரிவின் சிறு துண்டு மட்டுமே. அந்தத் துண்டும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால், வழக்கமாகப் பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் இறுதி வரை வனத்துறை அதை மூடிவிடுகிறது.

இது யாரும் நட்டு வளர்த்த தோட்டம் அன்று. ஆனால் முதன்முறை பார்ப்பவர்களுக்கு யாரோ திட்டமிட்டு அமைத்தது போலவே தோன்றும். சரிவெங்கும் வெட்டிவிட்டாற்போல் ஒரே உயரத்தில் புல், மடிப்புகளில் மட்டும் கொத்துக் கொத்தாகக் குட்டை மரங்கள், ஆங்காங்கே கறுத்த பாறை, பின்னணியில் ஆனைமுடி. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியே இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரம். சப்பானியத் தோட்டக்கலையில், தொலைவிலுள்ள மலையைத் தோட்டத்தின் ஒரு பகுதிபோலக் காட்டும் முறை ஒன்று உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயருக்குக் 'கடன் வாங்கிய காட்சி' என்று பொருள். இராஜமலையில் அப்படிக் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

திண்டுக்கல் மாவட்டத்தின் வடமேற்குச் சமவெளியில், பழனி வட்டத்தில் உள்ள கீரனூர் போன்ற ஊர்களுக்கு இந்த மலை வெறும் அயல் மாநிலச் சுற்றுலாத்தலம் அன்று. (புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு கீரனூர் உண்டு, இங்கே குறிக்கப்படுவது பழனிப் பக்கத்துக் கீரனூர்.) அமராவதி ஆற்றின் தலைநீர்களில் ஒரு பங்கு இரவிகுளப் புல்வெளியிலிருந்து கிளம்புகிறது. அத்துடன், ஊருக்குத் தெற்கே நீலமாகத் தெரியும் பழனிமலையின் மேற்பரப்பு ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதை இன்று பெரிய அளவில் காண வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

செல்லும் வழி

பழனிச் சமவெளியிலிருந்து மூணாறு செல்ல இரண்டு பாதைகள் உண்டு. வத்தலக்குண்டு, தேனி, போடிமெட்டு வழி ஒன்று. மற்றொன்று பழனியிலிருந்து உடுமலைப்பேட்டை சென்று, அங்கிருந்து சின்னாறு, மறையூர் வழியாக ஏறுவது. கீரனூர்ப் பகுதியினருக்கு இரண்டாவதே இயல்பான வழி. உடுமலையிலிருந்து மூணாறு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். இராஜமலைக்குத் திரும்பும் இடம் மூணாற்றுக்குச் சில கிலோமீட்டர் முன்னதாகவே வந்துவிடும்.

இந்தப் பாதையின் சிறப்பு வேறு. உடுமலையை விட்டதும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வறண்ட காடு; எல்லையைத் தாண்டினால் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். இரண்டும் மழைமறைவுப் பகுதி. முள்மரம், கள்ளி, வெயிலில் வெளுத்த பாறை, ஆற்றோரத்தில் மட்டும் மருதமரம். அங்கிருந்து மறையூர்ச் சந்தனக்காடு, முனியறைகள் எனப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள், கரும்புத் தோட்டங்கள், லக்கம் அருவி, தேயிலைச் சரிவுகள் என்று தாண்டிப் போனால் மேலே குளிரும் பனிமூட்டமும். முள்காட்டிலிருந்து சோலைக்காடு வரையிலான முழுத் தாவர வரிசையையும் ஒரே முற்பகலில் கடந்துவிடலாம். தென்னிந்தியாவில் தாவரவியல் மாணவருக்கு இதைவிட நல்ல பாடச்சாலை குறைவு. வனப்பகுதி என்பதால் இரவில் இந்தச் சாலையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. யானைகள் சாலையைக் கடக்கும் இடமும் இதுதான்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இந்தச் சாலையிலுள்ள பெரியவாரைப் பாலம் இடிந்து, மூணாற்றுக்கும் மறையூருக்கும் இடையிலான தொடர்பு அறுந்தது. குறிஞ்சி பூக்கும் ஆண்டு என்று மலையே காத்திருந்த பருவம் அது.

புல்லும் சோலையும்

இராஜமலையின் அமைப்பைப் புல்வெளி–சோலைக்காடு என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,700 மீட்டருக்கு மேல் உள்ள பீடபூமிகளில் இது காணப்படுகிறது. சரிவுகளில் புல், நீரோடும் மடிப்புகளில் மரம் என்று இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும். இடைப்பட்ட புதர்க்காடு அதிகம் இருக்காது. மரம் முடியும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் புல் தொடங்கிவிடும்.

ஏன் இப்படி? மார்கழி, தை மாதங்களில் திறந்த சரிவில் உறைபனி விழும். சோலை மரங்களின் கன்றுகள் அந்தப் பனியில் கருகிவிடும். மரநிழலுக்குள் பனி இறங்குவதில்லை; அங்கே கன்றுகள் பிழைக்கும். கோடைத்தீயும் புல்லை எரித்துவிட்டு ஈரமான சோலையின் விளிம்பில் நின்றுவிடும். புல் மீண்டும் தளிர்க்கும், மரக்கன்று தளிர்க்காது. காட்டை மனிதர் அழித்ததால் வந்த வெற்றிடமே இந்தப் புல்வெளி என்று நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மட்கை ஆராய்ந்தபோது, மலையில் பெரிய அளவில் உழவு தொடங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே அங்கே புல்வெளி இருந்தது தெரியவந்தது. தட்பவெப்பம் மாறிய காலங்களில் புல்லும் மரமும் முன்னும் பின்னுமாக நகர்ந்திருக்கின்றன.

புல்வேர்ப் பின்னலும் சோலையின் மட்கும் மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றன. இரவிகுளத்து ஓடைகளில் ஒரு பகுதி மேற்கே பெரியாற்றோடு சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. மற்றொரு பகுதி கிழக்கே பாம்பாற்றில் இறங்கி, சின்னாற்றோடு சேர்ந்து அமராவதியாகி, உடுமலைக்குத் தெற்கே 1957இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையை அடைகிறது. தாராபுரம், கரூர் வரையிலான வயல்களுக்குப் பாயும் நீர் இது. பழனியிலிருந்து வரும் சண்முகநதியும் பின்னர் இந்த ஆற்றிலேயே கலக்கிறது.

ஏன் மூடுகிறார்கள்

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வரை என்றால் மலை, பாறை. பாறையில் வாழும் ஆடு என்பதே பெயரின் பொருள். சங்க இலக்கியத்தில் இது வருடை என்று குறிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது.

2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே சமயத்தில் நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 என மொத்தம் 2,668 வரையாடுகள் மதிப்பிடப்பட்டன. அவற்றில் 841 இரவிகுளத்தில் இருந்தன. அதாவது உலகிலுள்ள மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த 97 சதுர கிலோமீட்டருக்குள் வாழ்கிறது. இந்த ஓர் எண்ணைக் கவனித்தால், இரண்டு மாதச் சுற்றுலா வருமானத்தை வனத்துறை ஏன் விட்டுக்கொடுக்கிறது என்பது விளங்கும்.

வரையாடுகள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இணைசேர்கின்றன. சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம். ஆகவே குட்டிகள் பெரும்பாலும் சனவரி, பிப்ரவரியில் பிறக்கின்றன. ஓர் ஈற்றுக்கு வழக்கமாக ஒரு குட்டிதான். சினை ஆடு மந்தையை விட்டு விலகி, சிறுத்தையும் செந்நாயும் எளிதில் ஏற முடியாத பாறைப் பகுதியைத் தேடிப் போகும். தப்பிப்பதற்குப் பாறை ஒன்றே அதற்கு உள்ள வழி; வேகமோ பருமனோ அதைக் காப்பாற்றாது. அந்தப் பாறையின் அடிவாரத்தில் நாள் முழுவதும் வண்டியும் கூட்டமும் நின்றால், பாலூட்ட வேண்டிய தாய் மேயாமல் மேலும் கீழும் அலைய நேரும். குட்டியும் தாயும் பிரிந்துபோகும் ஆபத்தும் உண்டு.

இராஜமலை ஆடுகள் மனிதரைக் கண்டு அவ்வளவாக ஓடுவதில்லை என்பது இதில் ஒரு சிக்கல். தலைமுறைகளாகத் தொந்தரவின்றி வாழ்ந்ததால் சாலையோரத்திலேயே மேயும். அமெரிக்க ஆய்வாளர் கிளிஃபோர்டு ரைசு இங்கே தங்கி வரையாட்டின் வாழ்க்கையை விரிவாக ஆராய முடிந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். அதே பழக்கமே, கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் ஆட்டைத் தொட்டுப் பார்க்கலாம், கொம்பைப் பிடித்துப் படம் எடுக்கலாம் என்ற எண்ணத்தையும் சிலருக்கு ஊட்டிவிடுகிறது. அப்படிச் செய்தவர்கள் கைது செய்யப்பட்டதும் உண்டு.

பிப்ரவரியும் மார்ச்சும் காட்டுத்தீப் பருவமும் ஆகும். தீ பரவாதிருக்க, பருவம் தொடங்கும் முன்பே புல்வெளியில் தடுப்புக் கோடுகள் அமைக்கப்படுகின்றன. புல்லைப் பகுதி பகுதியாகக் கட்டுப்பாட்டுடன் எரித்து, இளந்தளிர் வரச் செய்யும் வழக்கமும் இங்கே நெடுங்காலம் இருந்துவந்தது. முற்றிய புல்லை ஆடு விரும்பாது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் முதுவர் பழங்குடியினர். மதுரையிலிருந்து தம் முன்னோர் பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறி வந்தனர், அதனால் முதுவர் என்று பெயர் வந்தது என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. இந்தத் தோட்டத்துக்குத் தோட்டக்காரர் என்று யாரையேனும் சொல்ல வேண்டுமானால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

வேட்டைக்காடாக இருந்தது

1877இல் சான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை உரிமையாகப் பெற்றார். பின்னர் அங்கே தேயிலை வந்தது. தேயிலைக்கு உதவாத உயரமும் உறைபனியும் கொண்ட இரவிகுளப் பீடபூமியை, தோட்டத்துரைகள் தம் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டனர். பிறர் வேட்டையாடாதபடி முதுவர்களைக் காவலுக்கு அமர்த்தினர். துப்பாக்கிக்காக வேலியிட்ட இடம் துப்பாக்கிகள் ஓய்ந்தபின் ஆட்டுக்குப் புகலிடமானது. காப்பகங்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட கோணல் திருப்பங்கள் அரிதல்ல.

1971இல் கேரள அரசு சட்டம் இயற்றி, கண்ணன் தேவன் நிலங்களில் தேயிலை பயிரிடப்படாத பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. புல்வெளி தானே என்று பிரித்துக் கொடுத்திருந்தால் இன்று அங்கே காய்கறித் தோட்டமும் விடுதிகளும் இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது.

பூங்காவைச் சுற்றி மக்கள் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பூங்காவினுள் லக்கம்குடி என்ற முதுவர் குடியிருப்பு உள்ளது. இராஜமலையைக் கடந்து செல்லும் சாலை பெட்டிமுடித் தேயிலைக் குடியிருப்புக்கும், அப்பால் 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடிக்கும் செல்வது. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் பெருமழையால் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதியிலிருந்து தேயிலை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தினர். சுற்றுலாப் பயணிகளுக்கு ஆண்டில் இரண்டு மாதம் மூடும் இந்த வாயில், இவர்களுக்கு அன்றாடம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் வழி.

மூடித் திறக்கும் பிற தோட்டங்கள்

பருவத்தில் மட்டும் திறக்கும் மலைத்தோட்டங்கள் உலகில் பல உள்ளன. மூடுவதற்கான காரணம்தான் இடத்துக்கு இடம் மாறும். சப்பானில் கோபே நகருக்கு மேலே உள்ள ரொக்கோ உயர்மலைத் தாவரத் தோட்டம் 1933இல் தொடங்கப்பட்டது. குளிர்காலத்தில் அது மூடப்பட்டு, இளவேனிலில் திறக்கும். அங்கே மூடுவது பருவநிலை.

கியோத்தோவின் மேற்கு மலையடிவாரத்திலுள்ள சைஹோசி கோயில் வேறு வகை. 1339இல் முசோ சோசெகி என்ற சென் துறவி சீரமைத்த தோட்டம் அங்கே உள்ளது. இன்று அதைப் புகழ்பெறச் செய்திருக்கும் பாசி அவர் திட்டமிட்டது அன்று. பின்னாளில் பராமரிக்க ஆளும் பணமும் இல்லாத காலத்தில் தானே படர்ந்தது. கூட்டம் பெருகிப் பாசி கெடத் தொடங்கியதும், 1977 முதல் முன்கூட்டி விண்ணப்பித்தவர்களை மட்டும் குறைந்த எண்ணிக்கையில் அனுமதிக்கிறார்கள். வந்தவர்கள் முதலில் அமர்ந்து பௌத்த மறையைப் படியெடுப்பது அங்கே வழக்கம். பார்க்கும் அவசரம் அதில் அடங்கிவிடும்.

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு சூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனி. 1982இல் தேசியப் பூங்கா ஆனதும் அங்கே கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. அதன்பின் உயரமாக வளரும் ஒரு செடி பரவி மற்றப் பூக்களை அமுக்கத் தொடங்கியது. மேய்ச்சலை நிறுத்தியதே காரணமா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். வனத்துறை ஆள் வைத்து அந்தச் செடியைப் பிடுங்குகிறது. மூடி வைத்தால் மட்டும் ஒரு தோட்டம் தன்னைக் காத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. இராஜமலையின் புல்லுக்குத் தீ எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியும் இதைச் சேர்ந்ததே.

பழனிமலை இழந்தது

கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூர், கிளாவரை வரையிலும் அதற்கு அப்பாலும் இதே புல்வெளி ஒரு காலத்தில் விரிந்து கிடந்தது. பழனிமலையும் இரவிகுளமும் நிலவியல்படி அடுத்தடுத்த மலைகள். இன்று கொடைக்கானல் செல்பவர்கள் அழகென்று படம் எடுக்கும் பைன் காடு உண்மையில் பழைய புல்வெளியின் மேல் நடப்பட்டது. யூகலிப்டசு, சீகை, பைன் ஆகியவை விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் என்று அரசுத் திட்டங்களின் கீழ் நடப்பட்டன. புல்வெளி அப்போது பயனற்ற நிலமாகக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. சீகை நட்ட இடத்தோடு நிற்கவில்லை. விதை பரவித் தானே புல்லை விழுங்கியது.

1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, இந்த நாற்பது ஆண்டுகளில் பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைக் காட்டியது. தமிழ்நாடு அரசு 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தது. வரையாட்டுக்கெனத் தனித் திட்டமும் இப்போது நடைபெறுகிறது. அதில் அயல்மரங்களை அகற்றிப் புல்லை மீட்பதும் ஒரு பகுதி. புல்லை மீட்பது மரம் நடுவதைவிடக் கடினம். வெட்டிய இடத்தில் முதலில் முளைப்பது பெரும்பாலும் சீகை விதைதான்.

குறிஞ்சி

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை உதிர்த்து மடியும் செடி. இராஜமலையிலும் கொடைக்கானலிலும் 2006, 2018ஆம் ஆண்டுகளில் பூத்தது. அடுத்து 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பூக்கும் என்பதால் மூடும் காலத்தோடு மோதுவதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆங்காங்கே சில செடிகள் பூப்பதுண்டு. அது வேறு குறிஞ்சி இனமாகவும் இருக்கலாம். செய்தித்தாள் தலைப்பை நம்பி மலையேறுபவர்கள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

பார்க்கச் செல்வோருக்கு

சொந்த வாகனத்தை நுழைவிடத்தில் நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து வனத்துறையின் பேருந்து மேலே அழைத்துச் செல்லும். பிறகு குறிப்பிட்ட தூரம் வரை தார்ச்சாலையில் நடக்கலாம். சாலையை விட்டுப் புல்லில் இறங்க அனுமதி இல்லை. நெகிழிப் பைகளுக்கும் விலங்குகளுக்கு உணவு கொடுப்பதற்கும் தடை உண்டு. விடுமுறை நாட்களில் வரிசை நீளும் என்பதால் இணையத்தில் முன்பதிவு செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எந்த மாதம் போவது என்பது எதைப் பார்க்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. குட்டிகளைக் காண விரும்புவோருக்கு ஏப்ரலில் கதவு திறந்த முதல் வாரங்களே ஏற்றவை. மே மாதக் கூட்டம் அப்போது வந்திருக்காது. சூன் முதல் ஆகஸ்டு வரை மழையும் மூட்டமும் பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டாது. ஆனால் முதிர்ந்த கடாக்கள் கருத்த உடலும் முதுகில் வெளிறிய சேணத் திட்டுமாகக் கம்பீரமாகத் தெரிவது அந்தக் காலத்தில்தான். செப்டம்பரில் காசித்தும்பை வகைகள் பூத்திருக்கும். நிலக்காட்சிக்கு அந்த மாதமே சிறந்தது. திசம்பர், சனவரியில் வானம் தெளிவாக இருக்கும், குளிர் கடுமை.

பழனியில் தைப்பூசம் முடித்துவிட்டு அப்படியே உடுமலை வழியாக மூணாறு போய்வரும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. தைப்பூசம் சனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரி முற்பகுதியிலோ வருவது. பிப்ரவரியில் வரும் ஆண்டுகளில் இராஜமலை வாயில் பெரும்பாலும் அடைத்தே இருக்கும். மூடும் தேதியும் திறக்கும் தேதியும் ஆண்டுதோறும் வனத்துறையால் தனியே அறிவிக்கப்படுகின்றன. ஈற்று தாமதமானால் திறப்பு ஏப்ரலுக்குள்ளும் தள்ளிப்போகும். அந்த இரு மாதங்களில் இவ்வழியே செல்பவர்களுக்கு மறையூரும் சின்னாறும் திறந்திருக்கும். லக்கம் அருவிக்கு அருகே சாலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், தெளிவான காலை நேரத்தில் மேலே புல்வெளியின் விளிம்பு தெரியும்.